லிஃப்ட்காரருக்கு எப்போது ஊசி?

அந்த மருத்துவமனையில் தலைமை நர்ஸைக் கண்டு பயப்படாத ஆள் ஒரே ஒருவர்தான். அவரும் வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர். அதே கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். அவள் வருகிறாள் என்றால் பெரிய டாக்டரே மேசைமேல் கிடக்கும் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைப்பார். இந்த மனிதர் மட்டும் கம்பிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "வாங்க சிஸ்டர், மேலயா கீழயா? எங்க வேணாலும் கொண்டு போய் விடறேன். நடுவுல நிக்காதுன்னு மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன்" என்பார். அவள் காது கேட்காதவள் மாதிரி மாடிப்படிப் பக்கம் திரும்பிவிடுவாள். வேலை நேரத்தில் புருஷனோடு நின்று சிரித்துப் பேசுகிறாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். அவர்கள் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்களே இருவரையும் அங்கே பார்த்தால் யாரோ எவரோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

அது பழைய காலத்து லிஃப்ட். பட்டனை அமுக்கிவிட்டுச் சும்மா நிற்கிற சமாச்சாரம் இல்லை. கதவைச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பி, தளமும் லிஃப்ட்டும் ஒரே மட்டத்துக்கு வருகிற நேரம் பார்த்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் இடித்துக்கொள்ளும், மேலே படுத்திருப்பவரின் உயிர் ஒரு முறை போய்விட்டு வரும். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே அந்த லிஃப்ட்டுக்கு அடிக்கடி மனசு மாறிவிடும், அப்படியே நின்றுகொள்ளும். அதைத் தாஜா பண்ணிக் கிளப்பத் தெரிந்தவர்கள் அவரும், ஷிஃப்ட் மாற்றுகிற இன்னொருவரும்தான்.

கொள்ளைநோய் வந்தபோது மூன்றாம் மாடியை அந்த நோயாளிகளுக்கென்று ஒதுக்கினார்கள். வேறு இடம் இல்லை. அங்கே போகிற ஒவ்வொருவரும் இருமிக்கொண்டும் மூச்சு வாங்கிக்கொண்டும் அந்தப் பெட்டிக்குள் ஏறித்தான் போனார்கள். ஜன்னல் கிடையாது. மூலையில் ஒரு சின்ன விசிறி, அதுவும் சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சுற்றும்.

அவருக்கோ நெஞ்சு பலவீனம். சின்ன வயசில் வந்த ஒரு காய்ச்சல் ஒரு பக்க நுரையீரலை அரைகுறையாக்கிவிட்டுப் போயிருந்தது. குளிர்ந்த காற்று பட்டால் போதும், உள்ளே விசில் ஊத ஆரம்பித்துவிடும். "பாட்டு வந்துடுச்சு, பக்கவாத்தியம்தான் வேணும்" என்று அதையும் ஒரு வேடிக்கையாக்கிவிடுவார். அவள் மட்டும் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பாள்.

தடுப்பூசி வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் ஆஸ்பத்திரியே பாதி குணமான மாதிரி இருந்தது. ஆனால் முதலில் வருவது கொஞ்சம்தானாம். அடுத்தது பிறகு, அதற்கடுத்தது எப்போது என்று அனுப்புகிறவர்களுக்கே தெரியாது. எந்தப் பிரிவுக்கு முதலில், எதற்கு அப்புறம் என்று முடிவு செய்ய மூன்று பேர் கமிட்டி போட்டார்கள். பெரிய டாக்டர், மேனேஜர் அம்மா, தலைமை நர்ஸ்.

மேனேஜர் அம்மா கறார் பேர்வழி. உட்கார்ந்ததும் உட்காராததுமாக முதல் விதியைப் போட்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஆஸ்பத்திரியில நம்ம மூணு பேருக்குமே சொந்தக்காரங்க வேலை செய்றாங்க. அவங்கவங்க ஆளு இருக்கிற பிரிவைப் பத்திப் பேச்சு வரும்போது அவங்கவங்க வாயே திறக்கக் கூடாது. மத்த ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணணும். நாளைக்கு ஒருத்தர் நம்மளப் பார்த்து விரல் நீட்டிடக் கூடாது."

தலைமை நர்ஸுக்கு அதைக் கேட்டு மனசு குளிர்ந்துபோனது. இவளும் அப்படிப்பட்ட பிறவிதானே. "ரொம்ப சரி மேடம்" என்றாள். பெரிய டாக்டரும் தலையை ஆட்டினார். நேர்மையானவர்கள் மூன்று பேர் ஓர் அறையில் சேர்ந்தால் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பெருமையிலேயே மூன்று பேருக்கும் கொஞ்ச நேரம் நன்றாகப் போயிற்று.

தீவிர சிகிச்சை, மூன்றாம் மாடி வார்டு, நர்ஸ்கள், துப்புரவு ஆட்கள் எல்லாம் மளமளவென்று முதல் சுற்றில் ஏறினார்கள். பிறகு சலவைப் பிரிவு வந்தது. மேனேஜர் அம்மாவின் தம்பி அங்கேதான் இருக்கிறான். அந்த அம்மா பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"துணி பையில கட்டித்தானே போகுது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா டாக்டர், கட்டித்தான் அனுப்பறோம். அப்புறம் மெஷின்தானே துவைக்குது" என்றாள் தலைமை நர்ஸ். சலவை மூன்றாம் சுற்றுக்குப் போயிற்று.

அடுத்து, வந்தவுடன் சீட்டு போடுகிற கவுண்டர். அங்கே பெரிய டாக்டரின் மகன். டாக்டர் எழுந்து போய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "நடுவுல கண்ணாடி இருக்கே" என்றார் மேனேஜர் அம்மா. அதுவும் மூன்றாம் சுற்று.

கடைசியில் லிஃப்ட்.

"அது உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே" என்றார் டாக்டர். அவர் முழங்காலுக்கு நல்லது என்று எப்போதும் படியில்தான் ஏறுவார். மேனேஜர் அம்மாவின் அறை தரைத்தளம். அவருக்கு லிஃப்ட்டே தேவையில்லை. "ரெண்டு நிமிஷப் பயணம், அதுல என்ன" என்றார் அவரும். இருவரும் அவளைப் பார்க்காமல் பேசினார்கள், அது மரியாதை.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசினால் பாரபட்சம். அவளுக்கு அந்த விதியில் நம்பிக்கை இருந்தது. ஆனாலும் "மூன்றாம் சுற்று" என்று டாக்டர் சொன்னபோது அவளால் தலையை நிமிர்த்திப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் சுற்றில் இடம் மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று சொல்லி மேனேஜர் அம்மாவையும், வயதை உத்தேசித்துப் பெரிய டாக்டரையும், ஆபீஸ் ஆட்களையும் அதில் போட்டுக் கூட்டத்தை முடித்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன, எங்களை மூணாவதுல போட்டுட்டீங்களா?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"ஆஸ்பத்திரியில எல்லா சேதியும் லிஃப்ட்ல ஏறித்தானே போகும். வாயைத் திறக்கக் கூடாதுன்னு விதியாமே? ரொம்ப நல்ல விதி. வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "உங்களுக்குக் கோபமே இல்லையா?"

"எதுக்குக் கோபம்? நான் தினமும் மேல போயிட்டுத் திரும்பி வர்ற ஆளு. என்னை அவ்வளவு சுலபமா அனுப்பிட முடியாது." சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். கோபித்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் சுற்றில் அவளுக்கு ஊசி போட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் கையைத் தூக்க முடியாமல் முனகினாள். அவர்தான் சமையல், அவர்தான் சுடுதண்ணீர். "வலிக்குதா? வலிக்கட்டும். வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சொல்லித் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தார். ஒத்தடம் கொடுக்கும் கைக்கு இன்னும் ஊசி இல்லை என்பது அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீயே கமிட்டியில இருக்க. அப்பாவோட நெஞ்சு எப்படின்னு உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எல்லாரும் அவங்கவங்க ஆளுக்குச் சொல்ல ஆரம்பிச்சா என்னம்மா ஆகும்?"

"என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன ஆகும்னு மட்டும் தெரியும்." மகள் போனை வைத்துவிட்டாள். அம்மாவின் பிடிவாதம் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. இருவரும் ஒரே பக்கம் நின்றால்தான் வீட்டுக்கு நல்லது.

இரண்டாம் சுற்றுக்கான ஊசி மருந்து வந்து சேர்வதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மூச்சுத் திணறலோடு ஒரு தையல்காரம்மாவைக் கொண்டு வந்தார்கள். ஆக்சிஜன் உருளையைப் பிடித்துக்கொண்டு கூடப் போக ஆள் இல்லை. தலைமை நர்ஸே உருளையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். படியில் ஓட முடியாதே, லிஃப்ட்டில்தான் ஏற வேண்டும். வீட்டுக்காரர் கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டார். அன்று கிண்டல் இல்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

வழக்கமான இடத்தில் லிஃப்ட் நின்றது.

தையல்காரம்மா மிரண்டுபோனாள். மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கிக்கொண்டு எழப் பார்த்தாள். ஒரு பக்கம் உருளையும் மறுபக்கம் சுவருமாகத் தலைமை நர்ஸ் கால்மாட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவளால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. தலைமாட்டில் நின்றவர் அவர். தையல்காரம்மா அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். அவர் காதை அந்த அம்மாவின் வாயருகே கொண்டுபோனார்.

"பூட்டின இடம்னா பயமா? எனக்கும்தாம்மா. பயம் போகட்டும்னுதான் இந்த வேலைக்கே வந்தேன். இன்னும் போகல பாருங்க" என்றார். "என் கையைப் பிடிச்சுக்கோங்க. இந்த முகமூடியைப் போட்டுக்கலாம். நல்லா மூச்சு விடுங்க. என் சட்டையைக் கிழிச்சீங்கன்னா நீங்கதான் தைச்சுத் தரணும், சொல்லிட்டேன்."

ஒரு கையை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மறுகையால் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி, கதவின் ஓரத்தில் காலால் ஓர் உதை விட்டார். லிஃப்ட் கிளம்பியது. இதெல்லாம் முடிவதற்குள் அந்த அம்மா அவர் முகத்துக்கு நேராக எத்தனை முறை இருமினாள் என்று தலைமை நர்ஸுக்குத் தெரியாது. அவர் ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பதுதான் தெரியும்.

நோயாளியை வார்டில் சேர்த்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். அவர் லிஃப்ட்டுக்குள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். விசில் வெளியே கேட்டது. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டார்.

"தினமும் இப்படித்தானா?" என்றாள்.

"சேச்சே. சில நாள் நிக்காது."

அவள் படியில் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. யார்மேல் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொன்ன டாக்டர்மேலா? அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவள் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாளே.

அன்றே மேனேஜர் அம்மாவின் அறைக்குப் போய், டாக்டரையும் வரச்சொன்னாள்.

"லிஃப்ட்டைப் பத்திப் பேசணும்."

மேனேஜர் அம்மா நிமிர்ந்தார். "சிஸ்டர், விதி..."

"தெரியும் மேடம். அங்க வேலை செய்றவர் என் புருஷன். அதனாலதான் அந்த வேலை என்னன்னு எனக்குத் தெரியும். அதைத் தெரிஞ்ச ஒரே ஆளு வாயை மூடிக்கிட்டா, தெரியாத ரெண்டு பேரும் சேர்ந்து என்ன முடிவு பண்ணுவீங்க? நான் பார்த்ததைச் சொல்லிட்டு வெளிய போயிடறேன். முடிவு நீங்க எடுங்க. மூணாவதுன்னே நீங்க சொன்னாலும் நான் மறுவார்த்தை பேச மாட்டேன்."

மூச்சு விடாமல் சொன்னாள். பெட்டியைச் சொன்னாள், விசிறியைச் சொன்னாள், நடுவில் நிற்பதைச் சொன்னாள், தையல்காரம்மாவின் வாயருகே போன காதைச் சொன்னாள். நெஞ்சு பலவீனத்தை மட்டும் சொல்லவில்லை. அது ஒருவருடைய விஷயம், இங்கே பேச்சு வேலையைப் பற்றி. சொல்லிவிட்டு வெளியே போய், நோயாளிகளைக் கூட்டி வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயரைத் தன் கையாலேயே போட்டு உடைத்துவிட்டு வந்தமாதிரி இருந்தது.

அதிக நேரம் ஆகவில்லை. கதவு திறந்தது. வெளியே வந்தது பெரிய டாக்டர்.

"என்னாச்சு டாக்டர்?"

"உங்க விஷயம் முடிஞ்சுது. ரெண்டாவது சுற்று." அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "இப்போ நீங்க உள்ள போங்க. நான் வெளிய இருக்கேன். என் பையனைப் பத்தி மேடம்கிட்ட சொல்லிட்டேன்."

சீட்டு கவுண்டரில் கண்ணாடி இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் முகக்கவசத்தோடு பேசினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் கேட்காது. வருகிறவர்கள் கவசத்தை இறக்கிவிட்டுப் பணம் போடுகிற ஓட்டைக்குள் வாயை வைத்துக் கத்துவார்களாம். மகன் அந்த ஓட்டையில் காதை வைத்துக் கேட்பானாம். தினமும் சாப்பிடும்போது அவன் சொல்லியிருக்கிறான். அப்பா காதில் வாங்கிக்கொண்டு, கமிட்டியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

தலைமை நர்ஸ் உள்ளே போனாள். அந்தக் கவுண்டரையும் இரண்டாம் சுற்றுக்கு ஏற்றினார்கள். டாக்டரை உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் அம்மா எழுந்து நின்றுகொண்டு, கழற்றிய பேனா மூடியை மாட்டவே மறந்துபோய், "அப்படின்னா நானும் ஒண்ணு சொல்லிட்டு வெளிய போகணும்" என்றார். கறார் குரலில் ஈரம் தட்டியது. "சிஸ்டர், உங்க வார்டுல கத்தரிக்கோல் காணாமப் போய்த் திரும்பி வருமே, எங்கிருந்து வருது?"

"சலவையிலிருந்து."

"பையைத் திறந்து ஒவ்வொரு போர்வையையும் கையால உதறினாத்தான் அது கிடைக்கும். ஒருதடவை யாரோட பல்செட்டோகூட கிடைச்சுதாம். எந்த வார்டுத் துணி முதல்ல வருதுன்னு கேளுங்க. மூணாவது மாடி. என் தம்பிக்கு வீட்ல கைக்குழந்தை இருக்கு. நான் விதி போட்டு வாயை மூடிக்கிட்டேன்."

வாராவாரம் திரும்பி வரும் கத்தரிக்கோல்களை வாங்கி அடுக்கியவள் தலைமை நர்ஸ். அவை எப்படி வருகின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது பெரிய டாக்டர். நேர்மை நேர்மை என்று மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு, ஆபத்தான மூன்று இடங்களையும் பார்த்துப் பார்த்துக் கடைசியில் தள்ளியிருக்கிறார்கள். இதை வெளியில் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

மேனேஜர் அம்மா வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்புவதற்குள் மற்ற இருவரும் சலவையையும் இரண்டாம் சுற்றுக்கு ஏற்றிவிட்டார்கள். ஆனால் இரண்டாம் சுற்று ரப்பர் இல்லையே, இழுத்தால் நீள. மூன்று பிரிவுகள் உள்ளே வந்தால் அதே அளவு ஆட்கள் வெளியே போக வேண்டும். மேனேஜர் அம்மா யோசிக்கவே இல்லை. "ஆபீஸ் ஆளுங்க மூணாவதுக்குப் போகட்டும். நான் தனி அறையில உட்கார்ந்திருக்கேன், எனக்கென்ன" என்றார். பெரிய டாக்டர், "நானும் இப்போ நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறதில்ல. வயசுதான் இருக்கு, அது எங்கயும் ஓடிடாது" என்று சொல்லித் தானும் பின்னால் போனார். தலைமை நர்ஸுக்கு அவர்கள் இருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்த நோய்க்காலத்தில் யார் யாரைக் கட்டிக்கொள்ள முடியும்? கைகளைக் கூப்பியதோடு சரி.

ஊசி போடும் நாளன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது வீட்டுக்காரர்தான். சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி இருந்தார். அவள் குப்பியிலிருந்து மருந்தை இழுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். பாதி ஊருக்கு ஊசி போட்ட கை. அன்று அது லேசாக ஆடியது.

"சிஸ்டர், கை நடுங்குதே. வேற ஆளு இருக்காங்களா?" என்றார்.

"பேசாம இருங்க."

ஊசி இறங்கியது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். இன்று அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எத்தனையோ நாளாக மனசில் கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, ஒரு நாள்கூட எனக்காகப் பேசுன்னு நீங்க கேட்கவே இல்லையே. உங்களுக்குப் பயமே இல்லையா?"

அவர் வாயில் வந்து நின்ற கிண்டலை விழுங்கிவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"பயந்தேன்மா. ரொம்ப பயந்தேன். ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் பயந்தேன்."

"அப்புறம் ஏன் கேட்கல?"

"கேட்டா நீ செஞ்சிருவ. எனக்காகச் செஞ்சிட்டு, அப்புறம் காலம் பூரா அது சரியா தப்பான்னு தூக்கமில்லாம கிடப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? அதான் கேட்கல."

அவள் பஞ்சை அழுத்தியபடியே அழுதாள். ஊசி போட்டவர்கள் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வரிசையில் அடுத்து நின்ற மேனேஜர் அம்மாவின் தம்பி, "நீங்க உட்காருங்க சிஸ்டர், எனக்கு அவசரமில்ல" என்றான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்க, வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.